ஆங்கிலச் சொற்கள்: பிறப்பும் பொருளும் புழக்கமும்

ஆங்கிலத்தில் கேட்பதற்கு ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட் என்று மூன்று சொற்கள் உண்டு. வழி தெரியாதவர் அடுத்தவரைக் கேட்டால் அது ஆஸ்க். நிருபர் அமைச்சரைத் துளைத்தெடுத்தால் கொஸ்டின். காவல் நிலையத்தில் கைதியை உட்காரவைத்து விசாரித்தால் இன்டராகேட். முதல் சொல் பழைய ஆங்கிலத்துக்கே உரியது. இரண்டாவது பிரெஞ்சு வழியாக வந்தது. மூன்றாவது லத்தீனிலிருந்து படித்தவர்கள் எடுத்துக்கொண்டது. அச்சத்துக்கு ஃபியர், டெரர், ட்ரெபிடேஷன் என்றும், ஏறுவதற்கு ரைஸ், மவுன்ட், அசென்ட் என்றும் இதே வரிசையில் மும்மூன்று சொற்கள் கிடைக்கும். பிரிட்டன் தீவுக்கு யார் யார் வந்தார்கள், யார் ஆண்டார்கள், யார் உழைத்தார்கள் என்ற வரலாறுதான் இப்படிச் சொற்களாகப் படிந்திருக்கிறது.

அடியில் கிடப்பது கி.பி. 5ஆம் நூற்றாண்டின் படிவு. இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற இனக்குழுக்கள் கடல் கடந்து வந்து குடியேறின. அவர்கள் பேசியதே பழைய ஆங்கிலம். மதர், ஹவுஸ், வாட்டர், சன், ஹேண்ட், ஈட், ஸ்லீப் எல்லாம் அவர்கள் விட்டுச்சென்றவை. இன்று ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 100 சொற்களை எடுத்தால் பெரும்பாலானவை இந்தப் பழைய இருப்பிலிருந்தே வரும். பிரபுவைக் குறிக்கும் லார்ட் என்ற சொல்லும் அக்காலத்தது. அதன் மூல வடிவத்துக்கு 'ரொட்டியைக் காப்பவன்' என்று பொருள். லேடி என்றால் 'ரொட்டி மாவு பிசைபவள்'. அவர்களை அண்டி வாழ்ந்த ஆளுக்கு 'ரொட்டி உண்பவன்' என்று பெயர். சோறு போடுபவனே தலைவன் என்று எண்ணிய ஒரு சமூகத்தை இந்த மூன்று சொற்களும் காட்டிக்கொடுக்கின்றன.

793இல் இங்கிலாந்தின் வடகிழக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் பிறகு நிலம் பிடித்துக் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. அண்டை வீட்டார் ஓரளவு புரிந்துகொள்ளக்கூடிய பேச்சு. அதனால்தான் ஸ்கை, நைஃப், லெக், ஸ்கின், டேக், கால் போன்ற அன்றாடச் சொற்கள் ஓசையின்றி உள்ளே நுழைந்தன. ஜன்னலைக் குறிக்கும் விண்டோ, நார்ஸில் 'காற்றின் கண்'. ஹஸ்பண்ட் என்றால் வீட்டுக்குடையவன். எல்லாவற்றையும் விட வியப்பானது, 'அவர்கள்' என்று பொருள்படும் தே, தெம், தெயர் ஆகியவையும் நார்ஸ் தந்தவை என்பது. பண்டங்களின் பெயர்களை எந்த மொழியும் கடன் வாங்கும். படர்க்கைப் பெயர்களைக் கடன் வாங்குவது மிக அரிது. இரண்டு மக்களும் எவ்வளவு கலந்து வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கலப்பு ஊருக்கு ஊர் வேறுபட்டது. இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் ஒரு நிகழ்ச்சியைத் தன் நூல் ஒன்றின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். வடக்கேயிருந்து வந்த வணிகர் ஒருவர் கென்ட் பகுதி வீடொன்றில் முட்டை கேட்டார். அவர் சொன்ன 'எக்ஸ்' அந்த வீட்டுப் பெண்ணுக்கு விளங்கவில்லை. தனக்கு பிரெஞ்சு தெரியாது என்றாள். வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. கூட இருந்தவர் 'ஐரன்' என்று சொன்ன பிறகே அவளுக்குப் புரிந்தது. ஐரன் பழைய ஆங்கிலச் சொல், எக்ஸ் நார்ஸ் சொல். எந்தச் சொல்லை அச்சிட்டால் எல்லோருக்கும் விளங்கும் என்பதே காக்ஸ்டனின் கவலை. கடைசியில் வென்றது வடக்குச் சொல். முட்டையை இன்று ஆங்கிலம் பேசும் உலகமே எக் என்கிறது.

காக்ஸ்டனுக்கு நான்கு நூற்றாண்டு முன்னதாக, 1066இல், ஆங்கிலத்தின் போக்கையே மாற்றிய போர் நடந்தது. ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மண்டிப் பிரபு வில்லியம் அரியணை ஏறினான். அரண்மனை, நீதிமன்றம், பெரிய பண்ணை எல்லாம் பிரெஞ்சு பேசுபவர் கைக்குப் போயின. கவர்ன்மென்ட், பார்லிமென்ட், கோர்ட், ஜட்ஜ், ஜஸ்டிஸ், பிரிசன், ஆர்மி, டாக்ஸ் என்று அதிகாரத்தின் சொற்களெல்லாம் பிரெஞ்சு வழி வந்தவையாக இருப்பது இதனால்தான். தொழுவத்தில் இருக்கும் மாடு கௌ, தட்டில் வைத்தால் பீஃப். ஆடு ஷீப், இறைச்சி மட்டன். பன்றி பிக், இறைச்சி போர்க். மேய்த்தவன் பேசியது ஆங்கிலம், உண்டவன் பேசியது பிரெஞ்சு என்ற விளக்கத்தை வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் ஊரறியச் செய்தது. விளக்கம் அடிப்படையில் சரியே. ஆனால் இந்தப் பிரிவு ஒரே நாளில் உண்டானதல்ல. நெடுங்காலம் பீஃப் என்பது உயிருள்ள மாட்டையும் குறித்தது.

நீதிமன்றங்களில் வழக்காடுவது ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று 1362இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது. சட்டத்துறை எந்த மொழியையும் விட மனமின்றி, ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களைச் சேர்த்தே எழுதியது. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' அப்படிப்பட்ட இரட்டைச் சொல். வில் பழைய ஆங்கிலம்; டெஸ்டமென்ட் லத்தீன். தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு அலுவலகங்களில் எழுதப்படும் 'உயில்' அந்த வில் என்பதன் தமிழ் வடிவமே.

16ஆம் நூற்றாண்டில் கல்வி பெருகியபோது லத்தீன், கிரேக்கச் சொற்கள் வெள்ளமாக வந்தன. மைக்கூட்டிலிருந்து பிறக்கும் செயற்கைச் சொற்கள் என்று தூய ஆங்கிலம் விரும்பியவர்கள் அவற்றை எதிர்த்தார்கள். எதிர்ப்பு எடுபடவில்லை. இந்தக் கடினச் சொற்கள்தான் அகராதிக்கு வழிகோலின. 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில - ஆங்கில அகராதி, ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களுக்கு எளிய விளக்கம் தந்தது.

மாணவர்களை இன்றுவரை வாட்டும் எழுத்துக்கூட்டல் சிக்கல்களில் பலவும் இந்தக் காலத்தவை. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' என்ற எழுத்தே இல்லை. லத்தீன் மூலமான 'டெபிட்டும்' நினைவுக்கு வரட்டும் என்று படித்தவர்கள் அதைச் செருகினார்கள். எழுத்து நின்றது, ஒலி வரவில்லை. டவுட் என்பதில் இருக்கும் 'பி'யின் கதையும் இதுவே. தீவைக் குறிக்கும் ஐலண்ட் இன்னும் பரிதாபம். அது தூய பழைய ஆங்கிலச் சொல். லத்தீனோடு அதற்கு உறவே இல்லை. லத்தீன் வழி வந்த ஐல் என்ற வேறொரு சொல்லோடு குழப்பிக்கொண்டு அதில் 'எஸ்' சேர்த்துவிட்டார்கள். வீரனைக் குறிக்கும் நைட் என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்துகள் இதற்கு நேர் மாறானவை. அவை ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தன. உச்சரிப்பு மாறிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் அச்சு எழுத்துக்கூட்டலை உறைய வைத்துவிட்டது. ஆகவே இன்று எழுதப்படும் ஆங்கிலம் பல இடங்களில் 15ஆம் நூற்றாண்டின் உச்சரிப்பைக் காட்டுகிறது. பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. அதற்காக அவர்களை அடிப்பதும் திட்டுவதும் அநியாயம்.

வடிவத்தைவிட வேகமாக மாறுவது பொருள். தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று துர்நாற்றத்தைக் குறிக்கிறது; மொழிநூலார் இதை இழிபொருட்பேறு என்பார்கள். ஆங்கிலத்தில் சில்லி என்ற சொல்லுக்கு அதே கதி. தொடக்கத்தில் அதற்குப் 'பேறு பெற்றவர்' என்று பொருள். பிறகு களங்கமற்றவர், பிறகு இரங்கத்தக்கவர், கடைசியில் அறிவற்றவர். நைஸ் எதிர்த் திசையில் போனது. 'அறியாதவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்து, முட்டாள் என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குள் வந்து, நுணுக்கம் பார்ப்பவர், நுட்பமானது என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில் 'இனிமையானது' என்று நிலைத்தது. இது உயர்பொருட்பேறு. மீட் என்பது எந்த உணவையும், டீர் என்பது எந்த விலங்கையும் குறித்த காலம் உண்டு. கேர்ல் என்றால் ஆணோ பெண்ணோ, ஏதோ ஒரு குழந்தை. ஆகவே ஒரு சொல்லின் மூலத்தைக் காட்டி 'இதுதான் உண்மைப் பொருள்' என்று வாதிடுவது செல்லாது. பொருளைத் தீர்மானிப்பது பேசுபவர்களின் இன்றைய வழக்கு.

சொற்பிறப்பில் கட்டுக்கதைகளும் மலிந்திருக்கின்றன. நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்துகளே நியூஸ் ஆயின என்று வகுப்பறைகளில்கூடச் சொல்லப்படுகிறது. அது தவறு. புதியது என்ற பொருளுள்ள நியூ என்பதன் பன்மையே நியூஸ். சாலரி என்ற சொல்லுக்கு உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் ஏதும் இல்லை.

நம்ப முடியாததாகத் தோன்றும் கதை சில சமயம் மெய்யாகிவிடும். உலகம் முழுவதும் ஒலிக்கும் ஓகே அப்படிப்பட்டது. 1839இல் பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளை வேடிக்கைச் சுருக்கமாக அச்சிட்டார்கள். மறு ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் மார்ட்டின் வான் பியூரன் போட்டியிட்டார். கிண்டர்ஹுக் என்ற ஊரில் பிறந்ததால் 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்று அவருக்குப் பட்டப்பெயர். ஆதரவாளர்கள் அதே இரண்டு எழுத்துகளை முழக்கமாக்கினார்கள். தேர்தலில் அவர் தோற்றார், ஓகே வென்றது. ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் 1960களில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதை நிறுவினார்.

இப்படிப் பழைய அச்சுப் பக்கங்களைத் தேடிச் சான்று காட்டும் முறையின் பெருஞ்சாதனை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. 1857இல் அதற்கான எண்ணம் உருவானது; 1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியரானார். தன் வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, பொதுமக்கள் அனுப்பிய லட்சக்கணக்கான மேற்கோள் சீட்டுகளை அங்கே அடுக்கினார். 1915இல் அவர் இறந்தபோதும் பணி முடியவில்லை. 1928இல்தான் முழுமை பெற்றது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் முதன்முதலாக எழுதப்பட்டது, பொருள் எப்படி மாறியது என்பதை அது சான்றுகளோடு சொல்கிறது.

அந்த அகராதியில் தமிழுக்கும் இடம் உண்டு. கட்டுமரம் கேட்டமரான் ஆனது. இன்று அது இரட்டை உடல் கொண்ட நவீனப் படகைக் குறிக்கிறது. சுருட்டு செரூட் ஆயிற்று, கறி கர்ரி ஆயிற்று, மிளகுத்தண்ணி முல்லிகட்டானி என்ற சூப்பாயிற்று. குருந்தம் என்ற கல் கொரண்டம் என்ற கனிமப் பெயராக அறிவியலில் நிலைத்துவிட்டது. எல்லாமே பெருமைக்குரியவை அல்ல. பறையர் சமூகத்தின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. மனிதரை இழிவுபடுத்தும் அந்த வழக்கு ஒழிய வேண்டும். இந்திய மொழிகளிலிருந்து சென்ற சொற்களைத் தொகுத்து 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் ஆசிரியர்கள் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர்.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலமும் இந்த மண்ணுக்கேற்ப மாறியது. டிபன் பழைய ஆங்கிலக் கொச்சைச் சொல். இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, தமிழ்நாட்டில் இட்லி தோசையோடு வாழ்கிறது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பது அதிகாரிகள் தங்கியிருந்த ஊரை ஸ்டேஷன் என்றழைத்த ஆங்கிலேயர் காலத்து வழக்கு. நிகழ்ச்சியை முன்னதாக நடத்துவதைக் குறிக்கும் பிரிபோன், இந்தியர்கள் பரப்பிய சொல். ஆக்ஸ்போர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டது. அதைத் தவறு என்று கேலி செய்யத் தேவையில்லை.

எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு. வகுப்பில் மாணவர் 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் இங்குள்ள ஆசிரியருக்கு அது கேள்வி. தமிழில் சந்தேகம் என்ற ஒரு சொல் கேள்விக்கும் அவநம்பிக்கைக்கும் பயன்படுவதால் வந்த வழக்கு இது. இங்கிலாந்துக்காரர் காதில் அது 'நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று ஒலிக்கும். 'டூ த நீட்ஃபுல்' இந்திய அலுவலகக் கடிதங்களில் மரியாதையான தொடர். பிரிட்டனில் வழக்கொழிந்த பழைய நடை. 'பிகின்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கமென்ஸ்' என்றும், 'ஆஸ்க்' போதுமான இடத்தில் 'என்குவயர்' என்றும் எழுதினால்தான் மதிப்பு என்ற எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கிறது. பிரெஞ்சும் லத்தீனும் அதிகாரத்தின் மொழிகளாக இருந்த காலத்தின் மிச்சமே அந்த மதிப்பு. விண்ணப்பமோ மின்னஞ்சலோ எழுதுபவர்கள் பழைய ஆங்கிலத்தின் குட்டைச் சொற்களை முதலில் தேடட்டும். அவை கிடைக்காத இடத்தில் மட்டும் நீண்ட சொல்லை நாடினால் போதும்.