கண்ணாடித் தட்டில் வளரும் நரம்பு

இரவு ஷிப்ட் விடும் நேரம். ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே தூக்கக் கண்களோடு பைக்குகள் புகுந்து போகின்றன. விழுகிறவருக்குக் கால் எலும்பு முறிந்தால் சில மாதங்களில் கூடிவிடும். தண்டுவடம் நசுங்கினால் அந்த நரம்பு தானாகத் துளிர்ப்பதில்லை. அதனால்தான் படுத்த படுக்கையான பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள்: "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடந்துவிடுவானா?"

தட்டில் நடப்பது என்ன?

ஸ்டெம் செல் என்பது குருத்தணு. தோலா, தசையா, நரம்பா என்று இன்னும் முடிவாகாத இளம் செல். 2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனகா நான்கே மரபணுக்களைச் செலுத்தி, சுண்டெலியின் தோல் செல்லைக் குருத்தணுவாகத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது பலித்தது. 2012-இல் நோபல் பரிசு வந்தது.

அந்தச் செல்களை 37 டிகிரி வெப்பத்தில், இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் வளர்க்கிறார்கள். வேறு திசுவாக மாறச் சொல்லும் சமிக்ஞைகளை வேதிப்பொருட்களால் அடைத்துவிட்டால், அவை நரம்பின் வழிக்குத் திரும்புகின்றன. முதலில் ரோஜா இதழ்களைப் போல வட்டமாக அடுக்கி நிற்கும். வாரங்கள் போனால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் மெல்லிய இழை நீண்டு பக்கத்துச் செல்லைத் தொடும்; மின்துடிப்பும் கடத்தும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனமும் கூட்டாளி ஆய்வகங்களும் மனநோய் தொடரும் குடும்பங்களின் ரத்தத்திலிருந்தே இப்படி நரம்பு செல்களை வளர்த்து, நோயின் வேரைத் தேடுகின்றன.

ஆளுக்குள் போனால்?

ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் தண்டுவடம் அடிபட்ட 4 பேருக்கு, அடிபட்ட சில வாரங்களுக்குள், இவ்வாறு உருவாக்கிய, நரம்பாக மாறவிருக்கும் முன்செல்களைச் செலுத்தியது. 2025 மார்ச்சில் முடிவு வெளியானது: 2 பேருக்கு இயக்கம் கூடியது, அவர்களில் ஒருவர் பிடிமானமின்றி நின்றார். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் நான்கே பேர். ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இல்லை. இதைச் சிகிச்சை என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கான ரத்தக் குருத்தணு மாற்றுதான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. தண்டுவடத்துக்குச் செய்வது ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் அரசின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு இருக்க வேண்டும். நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நிலத்தை விற்று லட்சக்கணக்கில் கட்டச் சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

நெடுஞ்சாலையில் வேலூர்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரைக் கடக்கும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே போனால் வேலூர். அங்கே பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. அதே பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். படுக்கைப்புண் வராமல் காப்பது, சிறுநீர்ப்பையைப் பராமரிப்பது, கை வலுவைக் கூட்டுவது: இன்றைக்குக் கைகொடுக்கும் மருத்துவம் இதுதான்.

விபத்தில் விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்தும் முதுகும் அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.