தகப்பனாரைக் கொன்றவனைத் தேடிப் போன சிறுமி

மாட்டி ராஸ் 14 வயதுப் பெண். அவளுடைய தகப்பனாரைப் பண்ணையாள் ஒருவன் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடிப் போனான். தாயாருக்குக் கணக்கு வழக்குத் தெரியாது. தம்பியும் தங்கையும் சின்னஞ் சிறுசுகள். கொலைகாரனைத் துரத்திப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. மாட்டியே புறப்பட்டாள்!

இது 1870-களில் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் நடப்பதாக உள்ள கதை. சார்லஸ் போர்ட்டிஸ் என்ற எழுத்தாளர் எழுதி, 1968-ல் புத்தகமாக வந்தது. பெயர் "ட்ரூ கிரிட்". "அசல் நெஞ்சுரம்" என்று நாம் சொல்லலாம். 1969-ல் அதைப் படமாக எடுத்தார்கள். பிறகு 2010-ல் மறுபடியும் எடுத்தார்கள். கதை ஒன்றுதான். ஆனால் இரண்டு படங்களும் போய்ச் சேரும் இடம் வேறு.

ஒற்றைக் கண்ணர்

கொலைகாரன் ஒளிந்திருந்தது, பூர்வகுடி இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்ட பிரதேசத்தில். அங்கே போய்ப் பிடிக்க அதிகாரம் உள்ளவர்கள் மத்திய சர்க்காரின் மார்ஷல்கள். அவர்களில் பெரிய முரடர் யார் என்று மாட்டி விசாரித்தாள். ரூஸ்டர் காக்பர்ன் என்றார்கள். அவருக்கு ஒரு கண் இல்லை. உடம்போ பெருத்த உடம்பு. ஓயாத குடி. அவரையே பணம் பேசி அமர்த்தினாள்.

முதல் படத்தில் ரூஸ்டராக நடித்தவர் ஜான் வேய்ன். டைரக்டர் ஹென்றி ஹாத்தவே. அப்போது வேய்னுக்கு 60 வயது தாண்டிவிட்டது. புற்றுநோய் வந்து, 1964-ல் ஒரு நுரையீரலையே எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் கடிவாளத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கையிலும் துப்பாக்கியோடு, நான்கு பேரை எதிர்த்துத் தனியாகக் குதிரையை விடுகிறார்! 1970-ல் அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. வாழ்நாளில் சிறந்த நடிகர் என்று அவர் வாங்கிய ஒரே ஆஸ்கார் அதுதான்.

ஆனால் வேய்ன் வந்து நின்றால் மற்றவர்கள் மறைந்து போகிறார்கள். மாட்டியாக நடித்த கிம் டார்பிக்கு அப்போது 21 வயது. சிறுமி என்று நம்புவது கொஞ்சம் கஷ்டம். கொலைகாரனை அவள் சுடுகிறாள். ஆனால் அவன் உயிரை முடிப்பது வேய்ன்தான். பாம்புக் குழியில் விழுந்து கை முறிந்த பெண், கடைசியில் கையில் கட்டோடு நலமாக நிற்கிறாள்.

கையே போயிற்று

2010-ல் படத்தை எடுத்தவர்கள் ஜோயல், ஈத்தன் என்ற கோயன் சகோதரர்கள். ரூஸ்டராக ஜெப் பிரிட்ஜஸ் நடித்தார். மாட்டியாக நடித்த ஹெய்லி ஸ்டைன்பெல்டுக்கு 13 வயது!

குதிரை வியாபாரியிடம் இந்தப் பெண் பேரம் பேசுவதைப் பார்க்க வேண்டும். தகப்பனாரின் சடலத்தை ஊருக்கு அனுப்ப வந்த இடத்தில், தனியாக நின்று பேசுகிறாள். "அப்பா வாங்கிய மட்டக் குதிரைகளைத் திருப்பி எடுத்துக்கொள். உன் லாயத்தில் களவு போன குதிரைக்கும் விலை கொடு" என்கிறாள். வியாபாரி மறுத்தால் வக்கீல் பெயரைச் சொல்கிறாள். பெரிய மனிதர் சீறுகிறார், அலுத்துக்கொள்கிறார், கடைசியில் இறங்கி வருகிறார். பழைய படத்திலும் இந்தக் காட்சி உண்டு. அங்கே சிரிப்பு வரும். இங்கே சிரித்தபடியே வயிற்றைக் கலக்குகிறது. அழ வேண்டிய வயதில் பெண் கணக்குப் பேசுகிறாளே!

புதிய படத்தில் கொலைகாரனைச் சுட்டுக் கொல்பவள் மாட்டிதான். துப்பாக்கி பின்னுக்கு உதைத்த உதையில் அவள் குழிக்குள் விழுகிறாள். பாம்பு கடிக்கிறது. அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ரூஸ்டர் இரவெல்லாம் குதிரையை விரட்டுகிறார். குதிரை விழுந்த பிறகு கையில் சுமந்துகொண்டே ஓடுகிறார். உயிர் பிழைத்தது. இடது கை போயிற்று. புத்தகத்தில் உள்ளதும் இதுதான். 1969-ல் எடுத்தவர்கள் அந்த விலையை அவளிடம் வாங்கவில்லை.

கல்லறை நிலம்

பழைய படத்தின் கடைசிக் காட்சி குடும்ப மயானத்தில். எங்கும் பனி. "எனக்குப் பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இடம்" என்று மாட்டி சொல்கிறாள். ரூஸ்டர் வேலியைத் தாண்டிக் குதிரையைப் பாய விட்டுப் போகிறார். புதிய படத்தில் 25 ஆண்டுகள் கழிகின்றன. ஒற்றைக் கையோடு, மணமாகாத மாட்டி அவரைப் பார்க்க மெம்பிஸ் நகரம் போகிறாள். அவர் இறந்து மூன்று நாள் ஆகிவிட்டது. உடலைக் கொண்டுவந்து தன் குடும்ப நிலத்தில் அடக்கம் செய்கிறாள்.

எனக்குப் புதிய படமே உயர்வாகத் தோன்றுகிறது. வேய்னின் மிடுக்கு பிரிட்ஜஸுக்கு வராது. ஆனால் கதை பெண்ணுடையது. ஆஸ்கார் குழுவினருக்கு அது விளங்கவில்லை போலும்! 10 ஆஸ்கார்களுக்குப் படத்தின் பெயர் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. படம் முழுவதும் வரும் ஹெய்லியைத் துணை நடிகையர் வரிசையில் சேர்த்திருந்தார்கள்!

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பழைய படத்தைப் போட்டுப் பாருங்கள். புதிய படத்தில் உயர்ந்த மரத்தில் பிணம் தொங்குகிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு அதைப் பெரியவர்கள் பார்க்கலாம்.