ஜீப்புக்குப் பெரிய ஸ்டெப்னி

மலைச் சாலையில் ஓடும் பழைய மகிந்திரா ஜீப்பைப் பார்த்திருப்பீர்கள். பல ஜீப்புகளில் 6.00-16 டயர் இருக்கும். 6 என்பது டயரின் அகலம். 16 என்பது டிஸ்கின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு.

சிலர் ஸ்டெப்னிக்கு மட்டும் 7.00-16 வாங்குகிறார்கள். டிஸ்க் அளவு ஒன்றுதானே என்பார்கள். ஆனால் பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அதை மாட்டிக்கொண்டு, தார் ரோட்டில் நான்கு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டால், உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். உடையவும் கூடும். மாற்றினால் ஐந்தையும் மாற்றுங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

எடையும் கூடும். குலுங்கிக் குலுங்கி, ஸ்டெப்னி மாட்டிய இடத்தில் தகரம் விரிசல் விடும். கழன்று விழுந்தால், பின்னால் சைக்கிளில் வருபவர் என்ன ஆவார்? உள்பக்கம் கனமான இரும்புத் தகடு கொடுத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டெப்னியைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.