காசு கொடுக்கும் முன் காதைக் கேளுங்கள்

வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசில் புது அம்பிளிபயர் வாங்கி, வீட்டில் பூட்டி, இரண்டாம் கிழமையே "பழைய செற்றுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியேல்லை" என்று முகம் வாடுகிறவர்களை யாழ்ப்பாணத்தில் அடிக்கடி பார்க்கிறேன். பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டால், கடைக்காரர் தெரிந்த ஆள், அதனால் கேட்கவில்லை என்பார்கள். பெட்டியையும் எறிந்திருப்பார்கள். முறைப்பாடு செய்யலாம் என்று யாராவது சொல்லும்போது ஆறு மாதம் போயிருக்கும்.

1990இல் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. இங்கே நல்ல ஒலிக்கு ஆசைப்படுவதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

மாற்றினால் காதுக்குத் தெளிவாகத் தெரியும் பொருள் ஸ்பீக்கர். அடுத்தது அது இருக்கும் அறை. நம் வீடுகளில் மாபிள் தரை, வெறும் சீமெந்துச் சுவர், நாலு பிளாஸ்ரிக் கதிரை. அங்கே எந்த விலையுயர்ந்த செற்றும் எதிரொலித்துக் குழம்பும். மூலையில் ஒட்டி வைத்த ஸ்பீக்கரை இரண்டு அடி முன்னே இழுங்கள், தரையில் தடித்த பாய் விரியுங்கள், கனமான திரைச்சீலை போடுங்கள். பின்பக்கத்தில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தால் பேஸ் மெலிந்துபோகும். பேஸ் இல்லை என்று புது வூஃபர் வாங்குவதற்கு முன் இந்த வயரைப் பார்க்கவேண்டும், பார்ப்பவர்கள்தான் குறைவு.

மற்றவற்றில் கவனம் தேவை. 50 வாற்ஸ் அம்பிளிபயரை 100 வாற்ஸுக்கு மாற்றினால் கூடுவது 3 டெசிபெல்தான். சத்தம் இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். மூன்று, நான்கு மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தாராளமாகப் போதும்; ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயரால் அந்தத் தூரத்தில் காதுக்கு எந்த நன்மையும் இல்லை. குறுந்தட்டைவிட உயர்ந்த தரம் என்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளை, இடையில் குறுந்தட்டுத் தரத்துக்கு இறக்கியும் இறக்காமலும் போட்டுக்காட்டி அமெரிக்காவின் பொஸ்ரனில் சோதித்தார்கள். முடிவு 2007இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. 554 தடவைகளில் சரியாகச் சொன்னது 276. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும்.

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிநாடாப் பதிவுகளுக்காகவே செற் மாற்றுகிறவர்கள் உண்டு. நல்ல ஸ்பீக்கர் இருக்கிற நாதத்தைத் தெளிவாக்கும். பதிவாகாமல் போனதை எந்தக் கருவியாலும் மீட்கமுடியாது.

கடையில் கேட்கும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு செற்றில் எது சற்றுச் சத்தமாகப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று காது முடிவுகட்டிவிடும். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள்; கைத்தொலைபேசியிலுள்ள ஒலி அளக்கும் செயலி இந்த ஒப்பீட்டுக்குப் போதும். உங்கள் வீட்டுப் பாட்டைக் கொண்டுபோங்கள். எது பாடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி, கூட வந்தவர் பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போடட்டும். ஐந்து, ஆறு சரியென்றால் அது வெறும் ஊகம். ஒன்பது, பத்து சரியென்றால் வித்தியாசம் மெய். இதற்கு இடம்கொடாத கடையில் லட்சக்கணக்கில் கொட்டாதீர்கள்.

ரொறன்ரோவிலிருந்து பயணப்பெட்டியில் வரும் அம்பிளிபயருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், நம்முடையது 230. பின்பக்கத் தகட்டில் 120 என்று மட்டும் இருந்தால், பிளக் மாற்றிச் செருகிய கணத்தில் கருகிவிடும். 100–240 என்றிருந்தால் பயமில்லை. வோல்ற் மாற்றும் சுவிச் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தகட்டைப் பார்க்காமல் செருகாதீர்கள். அங்கே வாங்கிய பொருளின் உத்தரவாதம் பெரும்பாலும் இங்கே செல்லாது.

இனிக் கடதாசி விஷயம். "வித்தியாசம் கேட்கவில்லை" என்பது மட்டும் முறைப்பாடாகாது. சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்றால்தான் முறைப்பாடு. ஆகவே சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் திகதி, விலை, கடை முத்திரை, மொடல் இலக்கம், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாம் இருக்கவேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் "10,000 வாற்ஸ் பி.எம்.பி.ஓ" வெறும் விளம்பர எண். ஆர்.எம்.எஸ். எத்தனை வாற்ஸ் என்று கேட்டு அதையும் எழுதுவியுங்கள். மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். தெரிந்த ஆள் என்றாலும் கேளுங்கள்.

அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. 13ஆம் பிரிவின் கீழ், உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி அதிகார சபை விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றுக்குக் கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். "கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம், அடுத்த கிழமை வாங்கோ" என்று கடை இழுத்தடிப்பதில் உங்கள் மூன்று மாதம்தான் கரைகிறது. கடைக்கு முதலில் பதிவுத்தபாலில் ஒரு கடிதம், பதினான்கு நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் யாழ்ப்பாணம் கச்சேரியிலுள்ள அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிமுறை கேட்கலாம். அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள், எழுத்தில் கொடுங்கள்.

கடிதம் தமிழிலேயே எழுதுங்கள். வாங்கிய திகதி, கடையின் பெயர் முகவரி, பற்றுச்சீட்டு இலக்கம், மொடல், தொடர் இலக்கம், என்ன சொல்லி விற்றார்கள், என்ன நடந்தது, நீங்கள் கேட்பது பணமா மாற்றுப் பொருளா என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். உங்கள் பிரதியில் "கிடைத்தது" என்று திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியேறாதீர்கள். சோதனைக்குப் புறப்படும் அதிகாரிகள் அரிசி விலையையும் காலாவதித் திகதியையும்தான் பார்க்கிறார்கள். பெட்டியில் ஒட்டிய பத்தாயிரம் வாற்ஸை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எழுத்தில் முறைப்பாடுகள் குவிந்தால் அவர்களும் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கடந்தவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணி இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம். அங்கேயும் முதலில் கேட்கப்போவது பற்றுச்சீட்டைத்தான்.