வரப்பைத் துளைக்கும் சிவப்பு நண்டிறால்

நண்டின் கொடுக்கும் இறாலின் உடலும் கொண்ட நன்னீர் உயிரினம் சிவப்பு நண்டிறால். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இது, 1974-இல் ஸ்பெயின் நாட்டின் குவாதல்கிவீர் ஆற்றுச் சதுப்பு நிலத்தில் வளர்ப்புக்காக விடப்பட்டது. அங்குள்ள நெல் வயல்களில் விரைவாகப் பரவியது.

தாய் ஒரே ஈட்டில் சில நூறு முட்டைகளை வாலடியில் சுமந்து காக்கும். வயலைக் காயப்போட்டாலும் இது எளிதில் சாகாது; ஈர மண்ணில் வளை தோண்டிப் பதுங்கிக்கொள்ளும். தரையில் நடந்து அடுத்த வாய்க்காலுக்கும் போய்விடும். வளைகளால் வரப்பு பொத்தலாகி, தேக்கிய நீர் கசியும். இளம் நாற்றுகளையும் கடித்துத் தின்னும்.

ஸ்பெயினில் இதைப் பிடித்து விற்றுப் பிழைப்போரும் உண்டு. ஆயினும் பிடித்துத் தீர்க்க முடியவில்லை. பரவிய பின் ஒழிப்பது அரிது. ஆகவே, அயல்நாட்டு நீர்வாழ் உயிரினம் எதையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது.