கூரையைக் கழற்றிய ஓவியம்

முராசாகி ஷிகிபு என்ற ஜப்பானிய அரசவைப் பெண் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நாவல் 'கெஞ்சி மோனோகதாரி'. 54 அத்தியாயங்கள். நாயகன் கெஞ்சியின் பெயர் தமிழில் வேறு பொருள் தருகிறது. பெண்களின் திரைக்கு வெளியே நின்று அவன் மன்றாடும் இடங்கள் கதையில் ஏராளம் என்பதால், அது பெரிய பிழையுமில்லை.

12ஆம் நூற்றாண்டில் இக்கதையைச் சுருள் ஓவியங்களாகத் தீட்டினார்கள். எஞ்சியவற்றில் பெரும்பகுதி நகோயாவின் தொக்குகாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓவியங்களில் வீடுகளுக்குக் கூரை கிடையாது. மேலிருந்து எட்டிப் பார்க்க வசதியாக அறைகள் திறந்து கிடக்கும். கண்ணுக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான் முகம். நிழல் இல்லை. உடைகள் தட்டையான வண்ணப் பரப்புகள். 1960களின் பாப் ஆர்ட் செய்ததில் பாதி அப்போதே நடந்துவிட்டது என்பேன். இக்காலக் கலைஞர்கள் கெஞ்சியைப் பளீர் நிறங்களில் சில்க்ஸ்கிரீனில் அச்சிட்டாலும் உறுத்தாததற்கு இதுவே காரணம்.

சில்க்ஸ்கிரீன் வேறொன்றுமில்லை, டி-ஷர்ட்டில் படம் போடும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளி பட்டால் இறுகும் பசையைப் பூசி, படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீரில் கரைந்து வழிவிடும். அதன் வழியே ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் தாளில் இறங்கும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் கிமோனோ ஒரு பக்கம், பூ ஒரு பக்கம்.

ஜப்பானுக்கு இது முற்றிலும் புதிதல்ல. மிஎ மாகாணத்தின் சுசுகாவில் கிமோனோ துணியில் வடிவம் பதிக்கும் ஸ்டென்சில் தாள்களைப் பல நூற்றாண்டுகளாக வெட்டுகிறார்கள். பழுக்காத பெர்சிமன் காயின் துவர்ச்சாற்றில் பதப்படுத்திய தாள் அது. மெல்லிய வெட்டுகள் நகராமலிருக்க இரண்டு தாள்களுக்கிடையே பட்டிழை வைத்து ஒட்டுவார்கள். சில்க்ஸ்கிரீன் வலைத்துணியின் வேலையும் கிட்டத்தட்ட அதுதான்.

கெஞ்சி அச்சுகளில் ஐந்து செங்குத்துக் கோடுகளாலான சின்னம் தென்பட்டால் கவனியுங்கள். ஐந்து நறுமணப் புகைகளை முகர்ந்து, எவை ஒன்றே என்று கண்டுபிடிக்கும் விளையாட்டிலிருந்து வந்தது அது. ஒன்றெனத் தோன்றிய மணங்களின் கோடுகளை மேலே இணைப்பார்கள். அப்படி 52 விதமாக இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயத்தின் பெயர். முதல் அத்தியாயத்துக்கும் கடைசி அத்தியாயத்துக்கும் சின்னம் மிஞ்சவில்லை.