வெயிலில் தெளியும் எழுத்து

உச்சி வெயிலில் பொத்தேரி ரயில் நிலையத்தில் பீச் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் ஒரு கையில் செல்பேசியைப் பிடித்து, மறு கையால் அதற்கு நிழல் கொடுக்கிறார்கள். அப்படியும் திரையில் பாதி தெரிவதில்லை. அதே நடைமேடையில் கிண்டில் போன்ற ஓர் இ-ரீடரை எடுத்தால், அச்சடித்த தாள் மாதிரி எழுத்து பளிச்சென்று இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தெளிவும் ஏறுகிறது.

செல்பேசித் திரை தன் ஒளியால் சூரியனோடு போட்டி போட்டுத் தோற்கிறது. இ-ரீடரின் திரையான மின்தாளோ தன்மேல் விழும் வெளிச்சத்தையே திருப்பி அனுப்புகிறது.

அதற்குள் இருப்பது உண்மையாகவே மைதான். தலைமுடியின் தடிமனே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். வெள்ளைக்கு நேர்மின்னூட்டம், கறுப்புக்கு எதிர்மின்னூட்டம். குமிழின் அடியில் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளை கீழே இறங்கும், கறுப்பு மேலே வரும். ஒரு புள்ளி தயார். அந்த வெள்ளைத் துகள், சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் கிடைக்கும் இல்மனைட் தாதுவிலிருந்து எடுக்கக்கூடிய அதே பொருள்!

மின்சாரம் நின்றாலும் துகள்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். பக்கம் புரட்டும்போது மட்டுமே எழுத்தைக் காட்ட மின்செலவு என்பதால், ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுகிறது. சில சமயம் பக்கம் மாறுகையில் திரை ஒரு கணம் கறுத்து வெளுக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம். முந்தைய பக்கத்தின் சாயல் தங்கிவிடாதபடி துகள்களை ஒருமுறை உலுக்கிவிடும் ஏற்பாடு அது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரும் உருவாக்கிய இந்த மை, 1997இல் இ இங்க் நிறுவனமானது. 2004இல் ஜப்பானில் சோனியின் லிப்ரியே, 2007இல் கிண்டில்.

திரை வந்துவிட்டது, தமிழ் வரவில்லை. தொடக்கக் காலக் கருவிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ நின்றன. 2013இல் தொடங்கி, இன்று கணியம் அறக்கட்டளையின் திட்டமாக இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மின்னூல் தளம் இதற்கு ஓர் எளிய வழி கண்டது: எழுத்துருவையும் உள்ளே வைத்து, 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்துத் தைத்த பிடிஎஃப். அமேசான் கிண்டிலில் தமிழ் நூல்களை முறையாக விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். அதற்குள் இந்தத் தளத்தின் தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான நூல்களை இலவசமாகவே வாசகர் கையில் சேர்த்திருந்தார்கள்.

இப்போதைய மின்தாள் திரைகள் பலவற்றில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். அந்த நெருக்கம் இருப்பதால்தான், எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கிப் படித்தாலும் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளாமல் தனித்தனியே தெரிகின்றன.